வால் நம்ம பக்கம் இருக்கணும்

காதோரத்து நரைக்குச் சாயம் பூசலாமா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா என்று கண்ணாடி முன்னால் யோசித்து நிற்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். இளையவர்களிடம் ஆரம்பித்தால், "ட்ரோன்தானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். ட்ரோன் இல்லை. ட்ரோன் நாம் கையை எடுத்தாலும் வானத்தில் தானாக நிற்கும். நான் சொல்கிற சாமான் கையை எடுத்தால் விழும். எடுக்காவிட்டாலும் விழும். பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் தொங்கிய காலம், நமக்கு நினைவிருக்கும். சிவகாசிக்கும் விஸ்வநத்தத்துக்கும் இடையில் இருந்த எங்கள் தெருவில் ரிமோட் ஹெலிகாப்டரை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அப்பா வேலை பார்த்த பயராபீஸில் விபத்து நடந்தது. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பா அங்கே போர்மேன். மருந்து கலக்கும் அறைக்கு வெளியே நின்றதால் அவர் பிழைத்தார். முகத்திலும் இரண்டு கைகளிலும் தீக்காயம். உள்ளே நின்ற அவருடைய கூட்டாளி திரும்பவில்லை. கூட்டாளியை நான் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அம்மா கரண்டியோடு வெளியே வந்து திட்டும்வரை சைக்கிள் மணியை நிறுத்தாமல் அடிப்பார்.

அப்பாவை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அம்மா அவரோடு இருந்தாள். எனக்குத் துணையாக, அப்பாவின் அக்கா, என் அத்தை, சாத்தூரிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். சித்திரை பிறந்து அப்பா வீடு திரும்பியபோது அத்தை ஊருக்குப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் அச்சாபீஸ்களில் நோட்டுப் புத்தக ஆர்டர் குவிந்து கிடந்தது. அம்மா பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் போவாள், விளக்கு வைத்த பிறகு பசை வாடையோடு வருவாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

வீட்டை அத்தை எடுத்துக்கொண்டாள். அவளுடைய முதல் சட்டம், சத்தம் கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாதென்று சோறு பானையில் வெந்தது. டி.வி.க்குத் துணி போர்த்தினாள். பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டால் அத்தையின் முகம் வெளிறிவிடும். பக்கத்துத் தெருவில் சடங்கு வீட்டுக்கு வெடி போட்டபோது தலைவிரிகோலமாக ஓடிப்போய்க் கும்பிட்டு நிறுத்தினாள். "எந் தம்பிக்குச் சத்தம் ஆகாதய்யா. உசுரு போயிரும்யா."

அவளுடைய இரண்டாவது சட்டம் எனக்கு. அப்பா படுத்திருந்த அறைக்குள் நான் போகக் கூடாது.

"ஏன்த்தே?"

"கொஞ்ச நாளைக்குப் போகாத தாயி. அப்பாவுக்கு ஒடம்பு தேறட்டும்."

அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் திரைச்சீலைதான் தொங்கும். திரை தரையைத் தொடாது. அதன் கீழே கட்டிலிலிருந்து இறக்கி வைத்த அப்பாவின் பாதங்கள் சில நேரம் தெரியும். பாதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகம் வெட்டாமல் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தச் சித்திரை முழுக்க எனக்கு அப்பா என்றால் அந்தப் பாதங்கள்தான்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. ஒரு நாள் வாசல்வரை வந்தவள், "எங்க அம்மா வரக் கூடாதுன்னு சொல்லிருக்கு. ஒங்க அப்பாவைப் பாத்தா கனவுல வருமாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. தெரிந்ததைக் கேட்டாள். பிறகு வரவில்லை.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். விபத்து நடந்தபோது லீவு கிடைக்கவில்லை, இப்போதுதான் கிடைத்தது. அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"மருமகளே, இங்கன வா. சத்தம் போடாம வா."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸின் சிமெண்டுக் களம் இருந்தது. ஒரு காலத்தில் தீக்குச்சி காயப்போட்ட இடம். கிழக்கே நீண்டு போய் ஒரு மண்பாதையில் முடியும். பாதைக்கு அந்தப்புறம் ஓட்டு வீடுகளின் வரிசை. மாமா களத்தின் நடுவில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பிரித்தார். ஸ்பாஞ்சும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் புது செருப்புப் பெட்டியைத் திறந்தால் எனக்கு அந்த மத்தியானம்தான்.

மஞ்சள் மூக்கு. கறுப்பாகக் கண்ணாடி ஜன்னல் வரைந்திருந்தது. வால் என்பது ஒரு மெல்லிய குச்சி, அதன் நுனியில் சுண்டைக்காய் அளவு மோட்டாரும் ஒரு குட்டி விசிறியும். தலைக்கு மேலே இரண்டு இறக்கைகள். காலுக்குக் கீழே பெருக்கல் குறி போல இரண்டு குச்சிகளைக் கட்டி நான்கு முனையிலும் பந்து மாட்டியிருந்தார்கள், பழகுகிறவர்கள் கவிழ்த்துவிடாமல் இருக்க. ரிமோட் பெரியது, இழுத்து நீட்டுகிற ஏரியலோடு, கழுத்தில் மாட்ட வாரோடு. அதற்குள் பென்சில் செல்லாக வரிசை வைத்து அடைத்தார் மாமா.

"இந்தா பாரு. எடது குச்சிய மேல தள்ளுனா ஏறும். பக்கத்துல தள்ளுனா வாலு திரும்பும். வலது குச்சி, எந்தப் பக்கம் தள்ளுதமோ அந்தப் பக்கம் சாயும். கடைக்காரன் ஒண்ணே ஒண்ணு சொன்னான். வால் நம்ம பக்கம் இருக்கணும். மூக்கு நம்மளப் பாத்துச்சுன்னா வலது எடதாயிரும், எடது வலதாயிரும். தொலைஞ்சோம்."

ஓட்டிக் காட்டினார். விர்ரென்று கூவிக்கொண்டு முழங்கால் உயரம் ஏறியது. ஏறியதும் மூக்கைக் குத்திக்கொண்டு அவர் கால் மேலேயே பாய்ந்தது. அவர் துள்ளிக் குதிக்க, இறக்கை சிமெண்டில் அடித்துத் துண்டாகப் பறந்தது.

"கடைக்காரன் கையில பூனக்குட்டி மாதிரி நின்னுச்சு மருமகளே. இங்கன வந்து மாடு மாதிரி முட்டுது."

நான் எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தேன். அதற்குள் பின்வாசலில் அத்தை.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? உள்ள மனுசன் எப்பிடிக் கெடக்கான். அவன் காதுக்குள்ளயே போயி மோட்டார் ஓட்டுத!"

மாமா ஒரு வாரத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, "களத்தோட அந்தக் கோடியில வச்சு ஓட்டு. காலையில ஓட்டு. அத்தை தண்ணிக்குப் போற நேரமாப் பாத்துக்க" என்று காதில் சொன்னார். மாற்று இறக்கைகளை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அப்பாவை ராத்திரியெல்லாம் வலி தூங்கவிடாது, விடிந்த பிறகுதான் அசருவார் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

இப்படியாக நான் தனியே பழகினேன். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால், காற்று முழிக்காத ஒரு நேரம் உண்டு. அத்தை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான் களத்தின் கிழக்குக் கோடியில், முதுகில் வெயில் படும்படி, எங்கள் வீட்டைப் பார்த்து நிற்பேன். ஹெலிகாப்டரை எனக்கு முன்னால் வைப்பேன். வால் என் பக்கம், மூக்கு வீட்டுப் பக்கம்.

முதலில் பறக்கவே விடவில்லை. தரையிலேயே வழுக்கிப் போகும் அளவுக்கு மட்டும் இடது குச்சியைத் தள்ளுவேன். பந்துகள் சிமெண்டில் உராய்ந்து கரகரவென்று, வாத்து நடப்பதுபோல ஒரு நடை. பிறகு சின்னத் தாவல். ஏறும், உடனே இறக்கிவிடுவேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. தரைக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில்தான் அது ரொம்ப ஆடும். அது கீழே தள்ளுகிற காற்று தரையில் பட்டுத் திரும்பி வந்து அதையே அலைக்கழிக்கும். இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டால் கொஞ்சம் அமைதியாகிவிடும். ஆனால் பழகுகிறவர்களுக்கு மேலே போகப் பயம். பயந்து பயந்து, எங்கே அதிகமாக ஆடுமோ அங்கேயே வைத்துக்கொண்டு திண்டாடுவோம்.

சாய்கிறதே என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு கட்டைவிரலை அசைத்தால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம். அது சாய நினைக்கும்போதே விரல் போயிருக்க வேண்டும். போன விரல் உடனே திரும்பவும் வேண்டும். பேட்டரி ஓர் ஈடு இட்லி வேகிற நேரம்கூட வராது. இறங்கியதும் எடுத்தால் அப்போதுதான் இட்ட முட்டைபோல உள்ளங்கையில் சுடும். மறுபடி சார்ஜ் ஏற அரைநாள், அதற்குள் கரண்டு போகும். ஆகவே ஒரு நாளைக்கு எனக்கு வாய்த்தது அந்தச் சின்னப் பொழுது மட்டும். மிச்ச நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டு, மடியில் ரிமோட்டே இல்லாமல் கட்டைவிரல்களை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அது இடுப்பு உயரத்தில் நின்றது. பத்து மூச்சு விடுகிற நேரம் இருக்கலாம். நகரவில்லை, திரும்பவில்லை. மஞ்சள் வயிற்றில் வெயில் பட்டு, இறக்கைகள் இருக்குமிடமே தெரியாமல், சும்மா நின்றது. நான் இறக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். களத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "நின்னுச்சும்மா." "எது ஆத்தா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

வைகாசி பிறந்த புதிதில் ஒரு காலை, சாய்வைத் திருத்தப் போய் அதிகமாகத் திருத்திவிட்டேன். ஹெலிகாப்டர் களம் முழுவதும் வழுக்கிக்கொண்டு ஓடி, எங்கள் வீட்டுப் பின்சுவரில் முட்டிக் கவிழ்ந்தது. அப்பாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. ஓடிப்போய்க் குனிந்து எடுத்தேன்.

"தாயி."

கரகரத்த குரல். புகை உள்ளே போய் அப்பாவின் தொண்டை அப்படி ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. யாரோ என்று நிமிர்ந்தேன். கிழக்கு ஜன்னல் வெயில் தோலில் படக் கூடாதென்று அத்தை எப்போதும் சாத்தி வைப்பாள். இப்போது அது ஒரு கையளவு திறந்திருந்தது.

"நீ தள்ளுதது சரி. ஆனா நெறையத் தள்ளுத. இம்புட்டூண்டு தள்ளுனாப் போதும். மொதல்ல எனக்கும் புரியல. ஒனக்கு வலது எனக்கு எடதால்ல தெரியுது, மூக்கு எம்பக்கம் இருக்கு. பொறவு பிடிபட்டுச்சு."

"நீங்க முழிச்சா இருக்கீக?"

"தெனமும் முழிச்சுத்தான் கெடக்கேன்."

நான் ஜன்னலை இழுத்துத் திறந்தேன். ஒரு கணம் பயந்தேன். ஒரு புருவம் இல்லை, கன்னத்துத் தோல் மெழுகு வழிந்து காய்ந்ததுபோல மினுங்கியது. பிறகு கண்களைப் பார்த்தேன். அவை அப்பாவுடையவை. ஜன்னலுக்கு வெளியே இருந்த என்னைப் பார்க்கிறதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தன.

"சத்தம் கேட்டா ஒங்களுக்கு ஆகாதுன்னு அத்தை சொன்னாக."

அப்பா முகத்தை நிழல் பக்கம் திருப்பினார்.

"எம் மொகத்தப் பாத்தா ஒனக்கு ஆகாதுன்னு அக்கா எங்கிட்டச் சொன்னா தாயி."

குழாயடியிலிருந்து அத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு வருகிற காலடி கேட்டது. அப்பா ஜன்னலைச் சாத்தினார். அவர் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வளைந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். உள்ளங்கையால்தான் தள்ள முடிந்தது.

அத்தையைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவள் அந்த அறை வாசலில் வெறும் தரையில்தான் படுத்தாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். தம்பியையும் காப்பாற்ற நினைத்தாள், தம்பி மகளையும் காப்பாற்ற நினைத்தாள். ஒருவரிடமிருந்து ஒருவரை. இப்போது அவள் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிற எனக்கு அவளுடைய பயம் விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு காலையில் ஜன்னல் திறந்திருக்கும். நான் ஓட்டுவேன், அப்பா உள்ளேயிருந்து பார்ப்பார். ஒரு நாள், "அதை இங்கன கொண்டா. அந்தக் குச்சி எப்பிடி அசையுதுன்னு பாப்போம்" என்றார். பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கையை மடக்கப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் தூசியோடு கிடந்தது, அதை அவர் தொட்டதே கிடையாது. ரிமோட்டை மடியில் வைத்து, கட்டைவிரலின் பக்கவாட்டால் குச்சியைத் தொட்டார். நான் ஹெலிகாப்டரை அவருக்கு முன்னால் வைத்து பேட்டரியைச் செருகினேன்.

இறக்கை சுற்றி விர்ரென்ற சத்தம் எழுந்ததுமே அப்பாவின் உடம்பு உதறத் தொடங்கியது. ரிமோட் படியில் உருண்டது. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிட்டார். வேர்த்துக் கொட்டியது. நான் "அப்பா, அப்பா" என்று நின்றேன். தொடவும் தெரியவில்லை.

அத்தை குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னை அடிக்கவில்லை. ஹெலிகாப்டரைப் பிடுங்கி, எனக்கு எட்டாத பரணில் போட்டாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட அடித்திருக்கலாம்.

சாயந்திரம் அம்மா வந்ததும் அத்தை நடந்ததைச் சொன்னாள். அம்மா கையில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவுகளாக் கேட்டாகளா மதினி, இவளாக் கொண்டு போனாளா?"

"யாரு கேட்டா என்ன? அவன் நடுங்குனதை நீ பாக்கலயே. நாம் பாத்தேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நாந்தான் கேட்டேங்க்கா."

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஹெலிகாப்டரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நடுங்குனா நடுங்கட்டும் மதினி. சத்தமில்லாத ஊருக்கா கூட்டிட்டுப் போகப் போறோம்? இது சிவகாசி." அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்பா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் நான் களத்தின் அந்தக் கோடியில் ஓட்ட, அவர் ஜன்னலில் இருந்து கேட்பார். மறுநாள் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நடுக்கம் வரும்போது கையை உயர்த்துவார், நான் இறக்கிவிடுவேன். இப்படியே ஹெலிகாப்டர் வீட்டை நோக்கி வந்தது. ஒரு காலையில் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார், ஆனால் கையை உயர்த்தவில்லை. பிறகு ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன். வாத்து நடை. தாவல். கோணலான கட்டைவிரலுக்குத் தள்ளுவது வந்தது, இழுப்பதுதான் வரவில்லை. ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியிலிருந்து தலையணைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

அவர் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "கெழக்க விடாத தாயி. பாதை தாண்டிப் போயிரக் கூடாது." சாமான் தொலைந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றே நான் நினைத்தேன். பாதைக்கு அந்தப்புறம் இருந்த ஓட்டு வீடுகளில் மூன்றாவது, சித்தப்பா வீடு. ஜன்னலைத் திறந்தால் களத்துக்கு அப்பால் அந்த வாசல்தான் தெரியும். ஜன்னல் சாத்தியே இருந்தது வெயிலுக்காக மட்டும்தான் என்று அத்தையும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தன. ஆனி பிறக்கப்போகிறதென்று மேல்காற்று முன்கூட்டியே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் காலை அசையாமல்தான் இருந்தது. அப்பா படியில் உட்கார்ந்து ஓட்டினார். ஒரு சாண். முழங்கால். இடுப்பு. அவருடைய கையில் முதல்முறையாக அது நின்றது.

"தாயி, பாத்தியா?" என்றார். அவர் குரலில் பழைய போர்மேன் இருந்தார்.

அப்போதுதான் வீட்டுக் கூரைக்கு மேலாகக் காற்று இறங்கியது. ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு கிழக்கே நழுவியது.

"இறக்குங்கப்பா! எடது குச்சிய இழுங்க!"

அவர் இழுக்கத்தான் பார்த்தார். விரல் மடங்கவில்லை. அது களத்தைத் தாண்டி, பாதையைத் தாண்டி, மின்கம்பி உயரத்துக்குப் போய், அங்கே ஒருக்களித்து, மூன்றாவது ஓட்டு வீட்டு முற்றத்தில் விழுந்தது. எந்த வீடு என்று பார்த்ததும் ஓடத் தொடங்கினேன். பின்னால் அப்பாவின் வெறுங்கால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தி முற்றத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சித்தப்பா போன பிறகு வீட்டிலிருந்தே செய்கிற வேலை அது. சுற்றி அடுக்கியிருந்த குழாய்கள் முற்றமெங்கும் சிதறிக் கிடக்க, கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குவதுபோல ஹெலிகாப்டரை வாலைப் பிடித்துத் தூக்கியபடி நின்றாள். ஓர் இறக்கை இல்லை. பொட்டில்லாத நெற்றி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

அப்பா துண்டுகூடப் போடாமல், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்க நின்றார். தெருவில் பேச்சு நின்றுபோயிருந்தது. யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குடம் நிறைந்து வழியும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்கண்ணே," என்றாள் சித்தி. "இந்தா இருக்கு வீடு. வாறதுக்கு இத்தன நாளா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன் தங்கச்சி."

அவள் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். "இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "ரெண்டு தடவ வந்தேன். தூங்குதீகன்னு ஒங்க அக்கா அனுப்பிட்டாக" என்றாள்.

அப்பாவுக்கு அது தெரியாது.

"நான் சண்டைக்கு வரலண்ணே. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். ஒங்க கூட்டாளி அன்னைக்குக் காலையில எங்கூட மல்லுக்கட்டிட்டு, சாப்பிடாமப் போனாக. அதே கோவத்தோடதான் இருந்தாகளா? கடைசியா ஒங்ககிட்டத்தான பேசிட்டிருந்தாக. அதை மட்டும் சொல்லுங்க."

நான் அப்பாவுக்குப் பக்கத்தில் போனேன். அவர் என் தோளைத் தொட்டு, "தாயி, நீ வெளிய இரு" என்றார். தீக்காயத்துக்குப் பிறகு அந்தக் கை என்மேல் பட்டது அன்றுதான். அட்டைபோலக் கடினமாக, சூடாக இருந்தது.

சித்தி ஹெலிகாப்டரை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் வேலியோரம் நின்றேன். அப்பாவின் கரகரத்த குரல் நெடுநேரம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அழுகைச் சத்தத்துக்காக உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. சித்தி சிரித்தாள். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகுதான் அழுதாள். அப்பாவும் அழுதார்.

வீட்டுக்குத் தெரு வழியாகவே நடந்து வந்தோம். "வாங்கண்ணே", "எப்பிடி இருக்கீக?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அப்பா தலையாட்டினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் அசதி இருந்தது, நீண்ட வேலை முடிந்தவனுடையது. என்ன சொன்னீர்கள் என்று கேட்கலாம் என்று இருந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் நடந்தார், ஆனால் என்னோடு இல்லை.

அன்றையிலிருந்து அப்பா வெளியே போகத் தொடங்கினார். முதலில் சித்தி வீட்டு முற்றம், பிறகு டீக்கடை, பிறகு அச்சாபீஸ் ஒன்றில் கேட் வேலை. பயராபீஸுக்குத் திரும்பவில்லை. அத்தை ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் நேர்த்திக்கடனை முடித்துவிட்டுச் சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தாள். குக்கர் விசில் அடித்தது. எல்லோரும் நல்லதென்று சொன்ன எல்லாமே நடந்தது. மாமா யார் மூலமாகவோ இறக்கைகள் கொடுத்தனுப்பினார். நான் களத்தில் தனியே ஓட்டினேன். நன்றாகவே வந்தது எனக்கு. மூக்கை என் பக்கம் திருப்பி நிறுத்தக்கூடக் கற்றுக்கொண்டேன். பார்க்கத்தான் ஆளில்லை. மேல்காற்று வலுத்ததும் அதுவும் நின்றது. பேட்டரி ஒரு நாள் உப்பிப்போனது, அம்மா பயந்து தூக்கிப் போட்டாள். ஹெலிகாப்டர் எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்பா சாதாரணக் காய்ச்சலில் இறந்துபோனார். நான் மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது சித்தி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடியும்வரை கூடவே இருந்தாள். ஒரு மத்தியானம் நானும் அவளும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். அன்றைக்கு அப்பா என்ன சொன்னார், ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க வாயெடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நரைத்த தலை குனிந்திருந்தது. அந்தப் பேச்சு அவளுக்கென்று அப்பா கொடுத்தது. விட்டுவிட்டேன்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா எனக்கென்று சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழிகூட ஆகவில்லை, விருதுநகர் வருவதற்குள் தீர்ந்துவிட்டன.